மரம் யார் கையில்? அறுவை ஆலைகளும் செங்குத்து ஒருங்கிணைப்பும்

சிங்கப்பூரின் வடக்கே சுங்கை காடுட்டில் பேலட்டும் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரப்பெட்டியும் செய்யும் தம்பி ஒருவர் சில வாரங்களுக்கு முன்பு ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அதில் இரண்டு திட்டங்கள் எழுதியிருந்தார். ஒன்று, மலேசியாவின் ஜோகூரில் ஓர் அறுவை ஆலையில் பங்கு வாங்குவது. மற்றது, தன் பட்டறையிலேயே மரத்திலுள்ள பூச்சியைக் கொல்லும் ஒரு வெப்ப அறை போடுவது. இரண்டையும் செய்யப் பணம் போதாது. "அண்ணே, இத்தனை வருஷம் மரக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர் நீங்க. எதுக்குப் போகலாம், சொல்லுங்க" என்றார்.

அன்று நான் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். மர வியாபாரத்தில் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் அறுவை ஆலைகள் ஏன் செழித்தன, ஏன் சுருங்கின என்ற கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

ஒரு தொழில் தனக்கு முந்திய கட்டத்தையோ பிந்திய கட்டத்தையோ தன் கைக்குள் கொண்டுவருவதை வணிகப் பாடத்தில் செங்குத்து ஒருங்கிணைப்பு என்கிறார்கள். தோசைக்கடைக்காரர் மாவு அரைக்கும் இயந்திரத்தைத் தானே வாங்கினால் அவர் பின்னோக்கிப் போகிறார். மாவு அரைத்து விற்பவர் தோசைக்கடை திறந்தால் முன்னோக்கிப் போகிறார். அறுவை ஆலைக்குப் பின்னால் இருப்பவை காடு, வெட்டு, கட்டைகளைக் கொண்டுவரும் லாரியும் படகும். முன்னால் இருப்பவை உலர்த்தல், மருந்தேற்றல், இழைப்பு, அப்புறம் கதவு, நாற்காலி, பேலட், கட்டடம்.

ஆனால் அறுவை ஆலையை மாவு மில்லோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். தேக்கா சந்தையின் ஆட்டுக்கறிக் கடையோடு ஒப்பிட்டால் சரியாக வரும். தொடைக்கறி கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஆட்டில் தொடை மட்டுமா இருக்கிறது? தலை, கால், ஈரல், எலும்பு எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தால்தான் கடைக்காரர் பிழைப்பார். அறுவை ஆலையும் அப்படித்தான். வெப்பமண்டலக் கடின மரத்தில் 100 கன மீட்டர் கட்டை உள்ளே போனால் சுமார் 45 முதல் 55 கன மீட்டர் பலகைதான் வெளியே வரும். மீதி எல்லாம் மேல்சீவல், ஓரத்துண்டு, மரத்தூள். பலகையிலும் முதல் தரம், இரண்டாம் தரம், முடிச்சு விழுந்தது, வெடித்தது என்று பிரிவு உண்டு. ஆலையின் மொத்தச் செலவில் பெரும்பாலும் பாதிக்கு மேல் கட்டை வாங்கிய பணமாகவே இருக்கும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதி பலகையாவதே இல்லை.

இதனால் அறுவை ஆலைக்கு மூன்றாவது திசை ஒன்றும் உண்டு. பாடங்களில் அதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. அது பக்கவாட்டில் போவது: தூளைக் கொதிகலனில் எரித்து உலர்த்தும் சூளையைச் சூடாக்குவது, ஓரத்துண்டைச் சேர்த்து ஒட்டி நீளப் பலகையாக்குவது, சீவலைத் துகள்பலகை ஆலைக்கு அனுப்புவது. பல ஆலைகள் இந்தத் திசையில்தான் முதலில் தப்பித்திருக்கின்றன.

பின்னோக்கிப் போவதற்குப் பழைய உதாரணம் வேண்டுமென்றால் நம் ஆட்களுக்குப் பர்மாத் தேக்கைத்தான் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்கள் அந்த மரத்தின் பளபளப்பை மறக்க மாட்டார்கள். அது வீடு வந்து சேர்ந்த விதம் நீண்ட கதை. தேக்குப் பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் மிதக்காது. அதனால் நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிக்கட்டையையும் சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். அதன் பிறகே வெட்டு. யானை இழுத்து ஓடைக்கரையில் சேர்க்கும். மழைக்காலம் வந்து ஓடை பெருகினால்தான் கட்டை நகரும். ஒரு மழை பொய்த்தால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மரத்தில் வளையம் வெட்டிய நாளுக்கும் ரங்கூன் ஆலையில் அறுக்கும் வாள் பட்ட நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடும்.

இத்தனை ஆண்டு முதலை முடக்கி வைத்து, கடைசியில் ஆலைக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட எந்தக் காட்டுக்காரர் சம்மதிப்பார்? அப்படியே, கட்டை வரும் என்ற உறுதி இல்லாமல் நீராவி ஆலை கட்ட யார் துணிவார்? 1863ல் தொடங்கிய பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் காட்டுக் குத்தகை, யானை, ஆற்று வழி, ஆலை எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். அதற்கு இன்னொரு விலையும் இருந்தது. காட்டைக் கையில் வைத்திருப்பவர் அந்த நாட்டின் அரசியலுக்குள்ளும் போய்விடுகிறார். கட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதாக மன்னர் தீபாவின் அரசு அந்தக் கழகத்துக்கு 1885ல் பெரும் அபராதம் விதித்தது. அந்தத் தகராறையே சாக்காக வைத்துத்தான் மூன்றாம் ஆங்கிலேய பர்மியப் போர் நடந்து, பர்மாவின் மிச்சமும் பிரிட்டிஷ் கைக்குப் போனது.

இதற்கு ஒரு பொதுவான விளக்கம் உண்டு. சந்தையில் வாங்குவதும் ஒரு செலவுதான் என்று 1937ல் ரொனால்ட் கோஸ் எழுதினார். விலை பேச, தரம் பார்க்க, ஒப்பந்தம் மீறினால் துரத்த எல்லாவற்றுக்கும் காசும் நேரமும் ஆகும். அது அதிகமாகும் இடத்தில் நிறுவனம் அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது. ஆலிவர் வில்லியம்சன் இதை இன்னும் கூர்மையாக்கினார்: ஒரே ஒரு வாடிக்கையாளருக்கோ ஒரே ஒரு சப்ளையருக்கோ மட்டும் பயன்படும்படி பணத்தைப் போட்டுவிட்டால், எதிராளி பிறகு உங்கள் கழுத்தைப் பிடிக்கலாம். 2009ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதே ஆண்டுப் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஆஸ்ட்ரம், காடு போன்ற பொதுச் சொத்தை ஊர்மக்கள் கூடி நிர்வகிப்பதை ஆராய்ந்தவர். காட்டை நிறுவனமும் அரசும் மட்டும்தான் ஆள முடியும் என்று நினைப்பவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். ஒரு காலத்தில் காலாங் ஆற்றங்கரையிலும் அதன் முகத்துவாரத்திலும் அறுவை ஆலைகள் இருந்தன. கட்டைகள் கடல் வழியாக வந்தன. 1970களில் அந்தத் தொழில் வடக்கே, ஜோகூர் நீரிணையை ஒட்டிய சுங்கை காடுட், கிராஞ்சி பக்கம் நகர்ந்தது. ஜூரோங் நகராண்மைக் கழகம் மரத் தொழிலுக்கென்றே அங்கே இடம் ஒதுக்கியது. மெராந்தி, கெருயிங், கபூர், ரமின் என்று மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கட்டை வந்து இங்கே பலகையாகவும் பிளைவுட்டாகவும் மாறி ஏற்றுமதியானது. காடே இல்லாத தீவு மர ஏற்றுமதியில் பெயர் வாங்கியது. நல்ல துறைமுகம், வங்கிக் கடன், தரம் பிரிக்கத் தெரிந்த ஆட்கள், சொன்ன தேதியில் அனுப்பும் பழக்கம் எல்லாம் இருந்தன. கட்டை மட்டும் அடுத்தவர் கையில் இருந்தது.

1985ல் அந்தக் கை மூடிக்கொண்டது. படிப்படியாகக் கட்டுப்படுத்தி வந்த இந்தோனேசியா அந்த ஆண்டு கட்டை ஏற்றுமதியை முழுதாகத் தடை செய்தது. தீபகற்ப மலேசியாவும் அதே ஆண்டில் தடையை முழுமையாக்கியது. அந்த நாடுகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான முடிவு. நம் காட்டு மரத்தை நாமே அறுப்போம், நம் ஆட்களுக்கே வேலை கிடைக்கட்டும் என்றுதானே எந்த நாடும் நினைக்கும்? இது ஒரு நாடே முன்னோக்கி ஒருங்கிணைந்துகொள்வது. சில ஆண்டுகளில் இந்தோனேசியா உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலப் பிளைவுட் ஏற்றுமதியாளரானது. ஆனால் அந்த ஆலைகளுக்கு உள்நாட்டில் கட்டை மலிவாகக் கிடைத்ததால் வீணடிப்பும் அதிகமாக இருந்தது, காடும் அடி வாங்கியது. தடை போட்டாலே காடு பிழைத்துவிடும் என்பதில்லை.

இந்தப் பக்கம் இருந்த ஆலைகளுக்கு என்ன ஆயிற்று? பெரிய வாளை வைத்துக்கொண்டு கட்டைக்காகக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அறுத்த பலகையையே வாங்கி, உலர்த்தி, இழைத்து, அளவுக்கு வெட்டி, கதவாகவோ தரையாகவோ பெட்டியாகவோ விற்கத் தொடங்கியவர்கள் பலர் நிலைத்தார்கள். பின்னால் போக வழி இல்லாததால் முன்னால் போனார்கள். அவர்கள் ஆலை என்ற பெயரை விட்டார்கள், வியாபாரத்தை விடவில்லை. எனக்கு அவர்கள் மீது பெரிய மரியாதை உண்டு. கண்முன் வாள் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே புதிய வேலையைக் கற்றுக்கொள்வது லேசான காரியம் இல்லை.

நீரிணையின் அந்தப் பக்கம் நடந்த இன்னொரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் குடும்பங்களின் கதை. ஜோகூர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறைக்கு ரப்பர் மரம் என்றால் பால்தான். 25, 30 ஆண்டில் பால் வற்றினால் மரத்தை வெட்டி விறகாக எரித்தார்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் ஏறும், வண்டு துளைக்கும். அதனால் நாற்காலிக்கு ஆகாத மரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அறுத்த உடனே, ஒன்றிரண்டு நாளுக்குள், அழுத்தத் தொட்டியில் போரான் மருந்தேற்றி நேரே சூளைக்கு அனுப்பினால் நல்ல வெளிர்நிறப் பலகை கிடைக்கும் என்று கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. 1980களிலிருந்து மூவார் வட்டாரம் ரப்பர் மரத் தளவாடங்களுக்குப் பெயர் பெற்றது.

அந்த "ஒன்றிரண்டு நாள்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் இடத்தில் அறுத்து, இன்னோர் ஊரில் மருந்தேற்றி, மூன்றாவது ஊரில் உலர்த்த நினைத்தால் வழியிலேயே பலகை கெட்டுவிடும். எனவே வாளும் தொட்டியும் சூளையும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டியதாயிற்று. பேராசையோ பெருமையோ இதில் இல்லை, மரத்தின் தன்மையே அப்படிக் கேட்கிறது. செங்கால் போன்ற உறுதியான மரத்துக்கு இந்த அவசரம் கிடையாது. ஆக, அறுவை ஆலை எதையெல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு மரத்துக்கு மரம் பதில் மாறும். பொதுவான சூத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவரை நான் நம்புவதில்லை.

அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. வெயர்ஹவுசர் 1900ல் ஒரு ரயில்வே நிறுவனத்திடமிருந்து 9 லட்சம் ஏக்கர் காட்டை வாங்கித் தொடங்கியது. காடு, ஆலை, காகிதக்கூழ் எல்லாம் ஒரே குடையின் கீழ் இருப்பதுதான் பலம் என்று அங்கே பல தலைமுறை நம்பினார்கள். பிறகு கணக்கு மாறியது. நாடெங்கும் ஆலைகளும் காட்டுச் சொந்தக்காரர்களும் நிறையப் பேர் இருந்ததால், கட்டையைச் சந்தையிலேயே தாராளமாக வாங்க முடிந்தது. காட்டை ஓய்வூதிய நிதிகள் நல்ல விலைக்குக் கேட்டன. காட்டு வருமானத்துக்கு வரிச் சலுகையும் வேறு விதமாக இருந்தது. இன்டர்நேஷனல் பேப்பர் 2006ல் 50 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை விற்றது. வெயர்ஹவுசர் 2010ல் அந்தச் சலுகை கிடைக்கும் நில முதலீட்டு நிதியமாக (REIT) மாறியது. அதற்குப் பிறகு 2021 வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் இறங்க, அறுத்த மரத்தின் விலை மே மாதத்தில் ஆயிரம் போர்டு அடிக்கு (போர்டு அடி என்பது அங்கே மரம் அளக்கும் அலகு) 1,600 டாலரையும் தாண்டியது. அதற்கு முன்பு அது 400 டாலர் பக்கம் இருந்தது. ஆனால் தென் மாநிலங்களில் மரம் வளர்த்தவர்களுக்குக் கிடைத்த விலை பெரிதாக ஏறவில்லை. அங்கே காட்டில் மரம் மிகுதி, அறுக்கும் திறன்தான் பற்றாக்குறை. லாபம் ஆலைக்காரருக்குப் போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் 1985ல் கட்டை வைத்திருந்தவர் வென்றார். அமெரிக்காவில் 2021ல் வாள் வைத்திருந்தவர் வென்றார். எந்தக் கட்டத்தில் தட்டுப்பாடு இருக்கிறதோ அங்கேதான் லாபம் தங்குகிறது. அதனால் "எதைச் சொந்தமாக்கலாம்" என்று கேட்பதற்கு முன்பு "எதை வேறு யாரிடமும் வாங்க முடியாது" என்று கேட்க வேண்டும்.

காட்டை வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மெராந்தி வேண்டுமென்று போனால் காடு மெராந்தியை மட்டும் தராது. சரவாக்கின் லம்பிர் ஆராய்ச்சித் திடலில் 52 ஹெக்டேருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆட்டுக்கறிக் கடைக்காரர் ஆட்டை விட்டுவிட்டு மந்தையையே வாங்கியது போல ஆகிவிடும், அதுவும் ஆடு, மான், முயல் எல்லாம் கலந்த மந்தை. பெயர் தெரியாத மரங்களுக்கும் வாடிக்கையாளரைத் தேட வேண்டும். பல ஆலைகள் காட்டுக்குள் போய் மூழ்கியது இந்த இடத்தில்தான்.

இருந்தாலும் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு அந்தப் பாதையில் போன நிறுவனமும் உண்டு. 1989ல் நைஜீரியாவில் முந்திரி வணிகத்தில் தொடங்கிய ஓலம், 2011 வாக்கில் காங்கோ குடியரசில் டென்மார்க் நிறுவனம் ஒன்றிடமிருந்து மரத் தொழிலை வாங்கியது. வடக்கே பொகோலா ஊரை மையமாகக் கொண்ட அந்தக் காட்டு உரிமை 10 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். சிங்கப்பூரைப் பத்து மடங்குக்கும் மேல் பெருக்கிப் பாருங்கள், அவ்வளவு பரப்பு. காட்டோடு அறுவை ஆலை, சூளை எல்லாம் வந்தன. அவற்றோடு ஊருக்கு மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் பார்க்க வேண்டிய பொறுப்பும் வந்தது. அந்தச் சுமையைத் தாங்கும் அளவுள்ளவர்களுக்கே அந்த வழி. அதற்கு ஒரு பலனும் உண்டு. எந்த மரம் எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதைக் காகிதத்தோடு காட்ட முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் நிலத்தின் புவியிடக் குறியீட்டையே கேட்கிறது. அமலாக்கம் தள்ளிப்போனாலும் திசை மாறாது என்பது என் கணிப்பு. கை மாறி கை மாறி வந்த பலகைக்கு அந்தக் குறியீட்டைத் தேடுவது கடினம்.

இப்போது தம்பியின் காகிதத்துக்கு வருகிறேன். ஜோகூர் ஆலையில் பங்கு வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? அந்த ஆலைக்கும் கட்டை வேறொருவரிடமிருந்துதான் வருகிறது. பங்கு வாங்கியும் காடு இவர் கைக்கு வராது. பேலட்டுக்கு வேண்டிய மலிவான பைன் பலகையையும் கலப்பு மரத்தையும் பல நாடுகள் விற்கின்றன. ஒருவர் விலை ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம். அந்தப் பக்கத்தில் யாரும் இவர் கழுத்தைப் பிடிக்கவில்லை.

பிடி இருப்பது இந்தப் பக்கத்தில். ஏற்றுமதிக்குப் போகும் மரப் பேலட்டுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற அனைத்துலக விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் கோதுமைக்கதிர் முத்திரை குத்தலாம். இங்கே அதற்கான அங்கீகாரத்தைத் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. முத்திரை இல்லாத பேலட்டோடு போன கொள்கலனைச் சரக்கு போய்ச் சேரும் நாட்டுத் துறைமுகம் திருப்பி அனுப்பலாம். இவரோ வெப்ப அறை இல்லாததால் ஒவ்வொரு முறையும் லாரியில் ஏற்றி வெளியே கொடுத்து, அங்கே வரிசையில் நின்று, திரும்ப எடுத்து வருகிறார். கப்பல் தேதி நகராது. அவசரம் என்று தெரிந்தால் அங்கே கட்டணம் ஏறுகிறது. போன ஆண்டு இதனால் ஒரு பெரிய வாடிக்கையாளரை இழந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினேன். அவர் பேச்சில் "சூளை" என்றும் "வெப்ப அறை" என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார். இரண்டும் ஒன்றல்ல. பூச்சியைக் கொல்லும் வெப்ப அறைக்குச் சில மணி நேரம் போதும். உலர்த்தும் சூளையில் ஓர் அங்குல மெராந்தி ஒன்றிரண்டு வாரம் கிடக்க வேண்டும், விலையும் எரிபொருளும் அதற்குத் தக்கபடி. குளிர்சாதன அறைக்குள் போகும் மேசைக்கும் தரைப்பலகைக்கும் ஈரப்பதத்தை 10, 12 விழுக்காட்டுக்கு இறக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் பிறகு வளையும், இடைவெளி விடும். பேலட்டுக்கு அது வேண்டியதில்லை. ஆசைப்பட்டுச் சூளை வாங்கி, நிரப்பச் சரக்கில்லாமல் பாதி நாள் காலியாக ஓட்டியவர்களின் கணக்குப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்தைச் சேர்த்துக்கொள்பவர் அந்தக் கட்டத்தை நிரப்பும் கடமையையும் சேர்த்தே வாங்குகிறார்.

கடைசியாகக் குத்தகையைக் கேட்டேன். சுங்கை காடுட் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய மரப் பட்டறைகளின் இடத்தில் புதிய தொழில்களுக்கான சுற்றுச்சூழல் வட்டாரம் வருகிறது, அடுத்த பத்தாண்டில் பெருவிரைவு ரயில் நிலையமும் வரும். அவர் குத்தகையில் இன்னும் 7 ஆண்டுகள்தான் மிச்சம். அதனால் தளத்தில் கட்டி எழுப்பும் அறை வேண்டாம், கழற்றி லாரியில் ஏற்றக்கூடிய கொள்கலன் வகை அறையாகப் பாருங்கள் என்றேன். வெட்டுத்துண்டையும் தூளையும் இப்போது காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறார். எடுத்துப் போகும் மறுசுழற்சிக்காரர்களிடம் விலை பேசிப் பார்க்கவும் சொன்னேன்.

இந்த வாரம் தொலைபேசியில் பேசினார். வெப்ப அறைக்கு இரண்டு இடத்தில் விலைப்புள்ளி கேட்டிருக்கிறார். ஜோகூர் ஆலைக்காரரிடம் பங்குப் பேச்சை நிறுத்திவிட்டு, ஓராண்டுக்கு நிலையான விலையில் பலகை தர ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டாராம். ஆலைக்காரர் ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.